தன் குரலைக் குழுவுக்குக் கொடுத்தவர்

மேலைநாட்டுச் சிம்பொனி இசைக்குழு மேடையில் அமர்ந்திருக்கும் முறையைப் படத்திலேனும் நாம் கண்டிருப்போம். இயக்குநருக்கு எதிரே அரைவட்டமாக வயலின் வகைக் கருவிகள் பரந்திருக்கும். அவற்றுக்குப் பின்னால், மேடையின் நடுப்பகுதியில், புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகிய துளைக்கருவிகளை வாசிப்போர் இரண்டு வரிசையாக அமர்வர். முன்னே முப்பது வயலின்கள் ஒன்றாக ஒலிக்கையில் ஒருவர் சற்றுத் தளர்ந்தாலும் மற்றவரின் ஒலி அதை மூடிவிடும். பின்னால் இருக்கும் கிளாரினெட் கலைஞருக்கோ ஒதுங்க நிழலில்லை. அவர் வாசிப்பதை வேறெவரும் வாசிப்பதில்லை. அவர் தவறினால் அரங்கமே அறியும். அவர் செம்மையாக வாசித்தால்? "பீத்தோவன் இன்று அருமை" என்று சொல்லிக்கொண்டு மக்கள் வீடு திரும்புவர். இசைத்தட்டின் உறையில் இயற்றியவர் பெயரும் இயக்குநர் பெயரும் இருக்கும். அவர் பெயர் இராது. பிழை அவருடையது, புகழ் பொதுவானது.

இத்தகைய இருக்கை ஒன்றில் இருபது ஆண்டுகள் அமர்ந்து, அதன்பின் மேலும் இருபது ஆண்டுகள் முழுநேர ஆசிரியராக இருந்தவர் ராபர்ட் மார்செல்லஸ். 1953 முதல் 1973 வரை அமெரிக்காவின் கிளீவ்லாந்து இசைக்குழுவில் முதன்மைக் கிளாரினெட் கலைஞர். ஊர் ஊராகச் சென்று தனிக்கச்சேரி செய்து பெயர் ஈட்டியவர் அல்லர். நூல்கள் எழுதிக் குவித்தவரும் அல்லர். தனிக்கலைஞராக அவரை உலகறியச் செய்த பதிவு ஒன்றே ஒன்று. இவ்வளவு குறைவான தடயங்களை விட்டுச்சென்ற ஒருவரைப் பற்றித் திறனாய்வு செய்ய என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். பலரோடு சேர்ந்து ஒலிப்பதற்காகத் தன் குரலை அடக்கிக்கொள்ளும் கலைஞன் அதனால் வளர்கிறானா, தேய்கிறானா? இவ்வினாவை நேர்நின்று ஆராய மார்செல்லஸின் வாழ்வு நல்லதொரு களம். இரண்டு பக்கமும் அதில் சான்றுகள் உண்டு.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். கிளாரினெட் நம் வாசகருக்கு அந்நியமானதன்று. சதிர்க் கச்சேரியில் பக்கவாத்தியமாக இருந்து, திருச்சி ஏ.கே.சி. நடராஜனின் கையில் தனிக்கச்சேரி மேடையில் கோலோச்சிய கருவி அது. திருவிழாச் சுற்றுப்பிரகாரங்களில் பாண்டு வாத்தியக்காரர் ஊதுவதும் அதுவே. மார்செல்லஸ் வாசித்த மரபு வேறு. கருவியின் இயல்போ எங்கும் ஒன்றுதான். கருமரத்தில் கடைந்த நேர்க்குழாய், அதன் ஊதுவாயில் இறுகக் கட்டிய ஒற்றை நாணல் சீவாளி. புல்லாங்குழலில் மூச்சை இறுக்கினால் அதே சுரம் அடுத்த ஸ்தாயியில் கேட்கும். கிளாரினெட்டில் அவ்வாறன்று. குழாயின் ஒரு முனை சீவாளியால் அடைபட்டது போல் நடந்துகொள்வதால், ஒலி எட்டாம் சுரத்தில் நில்லாது பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவிவிடும். இதன் விளைவாகக் கீழ்ப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் இடையே ஒரு பிளவு உண்டாகிறது. பிளவின் இக்கரையில் ஏறக்குறைய எல்லா விரல்களும் எழுந்திருக்கும். அடுத்த சுரமாகிய அக்கரைக்குச் செல்ல அவை அனைத்தும் ஒரே கணத்தில் துளைகளை மூடவேண்டும். ஒரு விரல் இமைப்பொழுது பிந்தினாலும் ஒலி விக்கும். நிறமும் ஒன்றல்ல. கீழ்ப்பகுதி இருண்டு கனத்தது, மேற்பகுதி ஒளிர்வது, இடையிலுள்ள சில சுரங்களோ நோயாளியைப் போல் மெலிந்து வெளிறியவை. ஒரே குழாய்க்குள் மூன்று மனிதர்கள் குடியிருப்பது போன்ற நிலை. அவர்களை ஒருவராக்குவதே கிளாரினெட் கலைஞனின் முதல் வேலை. பலருக்கு அதுவே இறுதி வேலையுமாகிவிடும்.

இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது பாரிஸ் இசைக்கல்லூரியின் மரபு. 1839 அளவில் பியூஃபே என்னும் கருவி செய்வோரோடு சேர்ந்து இன்று வழங்கும் சாவி அமைப்பை வகுத்தவர் குளோஸே. அவர் மாணவர் சிரில் ரோஸ். ஃபெர்லிங் என்பவர் ஓபோவுக்கு எழுதிய பாடங்களைத் தழுவி ரோஸ் அமைத்த முப்பத்திரண்டு பயிற்சிகளைப் புரட்டாத கிளாரினெட் மாணவர் இன்றும் அரியர். ரோஸின் மாணவர் லெஃபெவ்ர். அவரிடம் பயின்றவர் 1896இல் ஜெனீவாவில் பிறந்த டேனியல் போனாட். இவர் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா சென்று, பிலடெல்பியா இசைக்குழுவிலும், 1933 முதல் 1941 வரை கிளீவ்லாந்திலும் முதன்மை இருக்கையில் அமர்ந்தார். கர்ட்டிஸ், ஜூலியார்ட் ஆகிய புகழ்பெற்ற இசைப்பள்ளிகளில் கற்பித்தார். ரோஸின் பாடங்களிலிருந்து பதினாறைத் தேர்ந்து, இசைத்தொடரை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று குறித்து வெளியிட்டார். அவருடைய போதனையில் பாதி விரல்களைப் பற்றியது. விரலைச் சாவிமேல் அடிக்கக் கூடாது. மெல்ல, சதையின் மென்மையோடு இறக்கவும் ஏற்றவும் வேண்டும். சுரங்களை வெட்டி வாசிக்கும்போது, நாக்கு சீவாளியைத் தொட்டு ஒலியை நிறுத்தியிருக்கும் அந்த மௌனத்திலேயே அடுத்த சுரத்துக்கான விரல் தன் இடத்தில் அணியமாகிவிட வேண்டும். மௌனத்தில் செய்த ஆயத்தமே ஒலியில் தெரிவது என்னும் இந்தப் பாடத்தை எந்த நவசந்நியாசப் பயிற்சியகத்தின் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

மார்செல்லஸ் 1928இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே போனாடிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். வாஷிங்டனின் தேசிய சிம்பொனி இசைக்குழுவிலும், இடையே விமானப் படையின் இசைக்குழுவிலும் பணியாற்றியபின், 1953இல் இருபத்தைந்தாம் வயதில் கிளீவ்லாந்துக்கு வந்தார். தம் ஆசான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற அதே இருக்கை. அதன் எதிரே மேடைமேல் நின்றவர் ஜார்ஜ் ஸெல்.

ஸெல்லைப் பற்றிச் சொல்லாமல் மார்செல்லஸைப் பற்றிச் சொல்ல இயலாது. 1897இல் புடாபெஸ்டில் பிறந்து, வியன்னாவில் வளர்ந்து, 1946 முதல் 1970இல் இறக்கும்வரை கிளீவ்லாந்துக் குழுவை ஆண்டவர். ஆண்டவர் என்னும் சொல்லை அறிந்தே இடுகிறோம். அவரது இலட்சியம் உயர்ந்தது: நூறு பேர் கொண்ட குழு, நான்கு பேர் ஓர் அறையில் அமர்ந்து வாசிப்பதுபோல் ஒருவரையொருவர் செவிமடுத்து வாசிக்க வேண்டும். அதற்கு அவர் கைக்கொண்ட வழியோ இரும்புக்கரம். ஒருவர் மற்றவரைத் தன்னியல்பாகக் கேட்கும் நிலையை, எதையுமே தன்னியல்புக்கு விடாத ஒரு மனிதர் உருவாக்க முனைந்தார் என்பது அவர் வாழ்வின் பெரும் முரண். முதன்மை ஓபோ கலைஞரான மார்க் லிஃப்ஷி, அவருக்கு ஈடாக நாட்டில் சிலரே இருந்தும், 1965இல் ஸெல்லோடு மூண்ட மோதலின்பின் குழுவை விட்டு நீங்க நேர்ந்தது. மார்செல்லஸ் ஸெல்லின் இறுதி ஆண்டுவரை, பதினேழு பருவங்கள், அவர் முன் அமர்ந்திருந்தார்.

கீழ்ப்படிதலைப் பற்றித் துறவற அவைகளிலும் மறையுரைகளிலும் நாம் நிறையப் பேசிவந்திருக்கிறோம். கீழ்ப்படிவோரின் புண்ணியத்தை ஆள்வோரின் கணக்கில் வரவு வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. எனவே, ஸெல்லின் கண்டிப்புத்தான் மார்செல்லஸை உருவாக்கியது என்று எளிதாகச் சொல்லிவிட நமக்கு மனமில்லை. அதே கண்டிப்பு லிஃப்ஷியை இழக்கவும் செய்தது. கேட்டு அறியவேண்டியது வேறொன்று: அந்த ஒழுங்குக்குள் கிளாரினெட் தனக்கென எதைக் காத்துக்கொண்டது?

ஸெல்லும் கிளீவ்லாந்துக் குழுவும் 1960இல் பதிவு செய்த ஷூபர்ட்டின் முற்றுப்பெறாச் சிம்பொனியைக் கேட்டால் விடை கிடைக்கிறது. தாழ்ந்த கருவிகள் இருட்டில் ஒரு தொடரை முனகி ஓய்ந்தபின், வயலின்களின் நடுக்கத்துக்குமேல் முதல் பாட்டு எழுகிறது. அதை ஷூபர்ட் ஓபோவுக்கும் கிளாரினெட்டுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார். இருவரும் அதே சுரங்களை, அதே மென்மையில், ஒருங்கே வாசிக்க வேண்டும். ஓபோ கூர்மையானது, சற்றே மூக்கால் பேசுவது, கிளாரினெட் உருண்டையானது. பல குழுக்களில் இவ்விடத்தில் ஓபோதான் கேட்கும். கிளாரினெட் அதற்கு நிழலாய்ப் பின்னே வரும். வேறு சிலவற்றில் இருவரும் போட்டியிடுவர். இப்பதிவிலோ மூன்றாவது ஒரு கருவி கேட்கிறது. பெயரில்லாத, எந்தக் கடையிலும் வாங்க முடியாத கருவி. ஓபோவின் ஓரங்களைக் கிளாரினெட் மழுக்கவில்லை. அதற்கு ஓர் உள்ளுடலைக் கொடுத்திருக்கிறது. கிளாரினெட்டைத் தனியே பிரித்துக் கேட்க முயன்றால் முடிவதில்லை. அதை நீக்கிவிட்டுக் கற்பனை செய்தால் அந்தப் பாட்டே சரிந்துவிடுகிறது. பாடற்குழுவில் ஒலிவாங்கிக்கு அருகில் நிற்பது யார் என்று ஆண்டுதோறும் நடக்கும் பூசலைத் தீர்த்துவைக்கும் பங்குக்குருக்கள் இந்த ஒரு நிமிட இசையைக் கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

ஒன்றாதல் வேறு, காணாமற்போதல் வேறு. இந்த வேறுபாட்டை அடுத்த ஆண்டு வந்த மோட்சார்ட் பதிவு துலக்கிக் காட்டுகிறது.

மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோ 1791ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் முடிக்கப்பட்டது. அந்த டிசம்பர் 5ஆம் நாள் அவர் இறந்தார். அதே ஆண்டு அவர் எழுதத் தொடங்கி முடிக்காது விட்ட இறந்தோர் திருப்பலி இசையை நம் வாசகருள் பலர் அறிவர். அதில் புல்லாங்குழலும் இல்லை, ஓபோவும் இல்லை. கிளாரினெட் குடும்பத்தைச் சேர்ந்த பாசெட் கொம்புகள் இரண்டே அந்தக் கருநிற அமைதியைத் தருகின்றன. மோட்சார்ட்டை இந்தக் குடும்பத்தின்பால் ஈர்த்தவர் அவருடைய நண்பர் அன்டன் ஸ்டாட்லர். இந்த நண்பர் மோட்சார்ட்டிடம் வாங்கிய ஐந்நூறு கில்டர் கடனைத் தீர்க்கவேயில்லை என்று இறந்தவரின் சொத்துப் பட்டியல் சொல்கிறது. கான்செர்ட்டோவைப் பெற்றதோடு பார்த்தால் ஸ்டாட்லருக்கு இது இரட்டை ஆதாயம். வழக்கமான கிளாரினெட்டைவிடக் கீழே சில சுரங்கள் அதிகமாக இறங்கும் நீண்ட கருவியை ஸ்டாட்லர் வைத்திருந்தார். அதற்கென்றே எழுதப்பட்ட மூலக் கையெழுத்துப் படி தொலைந்துவிட்டது. பதிப்பாளர்கள் அந்தக் கீழ்ச்சுரங்களை மேலே தூக்கி, சாதாரணக் கருவிக்கு ஏற்பத் திருத்தி அச்சிட்ட வடிவமே ஒன்றரை நூற்றாண்டு வழங்கிவந்தது.

1961 அக்டோபரில், கிளீவ்லாந்தின் செவரன்ஸ் அரங்கில், ஸெல் இயக்க மார்செல்லஸ் பதிவு செய்ததும் அத்திருத்திய வடிவமே. எனவே முதல் குறையை முதலிலேயே சொல்லிவிடலாம். பாட்டு படியிறங்கி இருட்டுக்குள் செல்லவேண்டிய சில இடங்களில், கருவியில் சுரம் இல்லாததால் திடீரெனத் திரும்பி மேலேறுகிறது. நீண்ட கருவியை மீட்டெடுத்து வாசிக்கும் இன்றைய பதிவுகளுக்குப் பழகிய செவி அங்கே இடறும். இக்குறை அவருடையதன்று, அக்காலத்தினுடையது.

இரண்டாவது குறையோ அவருடையது. அது சற்று ஆழமானது. முதல் பகுதியில் மோட்சார்ட் கிளாரினெட்டை உச்சத்திலிருந்து அடிக்குத் தாவவைக்கிறார், மீண்டும் உச்சத்துக்கு. இசைநாடகங்களை எழுதிய அக்கை, ஒரே குழாய்க்குள் ஒரு பெண்குரலையும் ஒரு தடித்த ஆண்குரலையும் வைத்து அவர்களை உரையாட விட்டது என்றே தோன்றுகிறது. கருவியின் மூன்று நிறங்களும் குறையாக அல்லாமல் கொடையாகப் பயன்படும் இடம் இது. மார்செல்லஸோ வாழ்நாள் முழுதும் அந்நிறங்களை ஒன்றாக்கப் பயின்றவர். அவருடைய தாவல்கள் வியக்கத்தக்கவை. பிளவு இருப்பதே தெரியாது. உச்சியில் இருந்த அதே மனிதர்தான் அடியிலும் இருக்கிறார். ஆனால் உரையாடல் எங்கே? இருவர் பேசவேண்டிய இடத்தில் ஒருவரே, மிக அழகாக, தனக்குள் பேசிக்கொள்கிறார். இறுதிப் பகுதியின் துள்ளலிலும் ஒரு குறும்பை நாம் தேடுகிறோம்; கிடைப்பது புன்முறுவல் மட்டுமே. இப்பதிவைப் பளிங்கு என்று குறைகூறுவோரிடம் சிறிது உண்மை உண்டு.

எனினும் நடுப்பகுதியாகிய மெதுநடைக்கு வந்ததும் இக்கணக்குகள் பயனற்றுப் போகின்றன. முன்னுரை ஏதுமின்றிக் கிளாரினெட்டே தொடங்குகிறது. வயலின்கள் கீழே மெல்லத் தொட்டில் ஆட்டுகின்றன. ஒரு குழந்தை பாடக்கூடிய எளிய ஏற்ற இறக்கம். இங்கே வாசிப்பவருக்கு இரண்டு சோதனைகள். ஒன்று, சுரத்தை அதிரவிட்டு உணர்ச்சியைக் கூட்டுவது. இங்கிலாந்தின் ரெஜினால்ட் கெல் அவ்வாறு அதிரவிட்டு வாசித்தவர். அவர் வாசிப்பில் ஒவ்வொரு தொடரும் ஒரு தனிமனிதரின் ஒப்புதல் வாக்குமூலம் போல் ஒலிக்கும். நாம் கெல்லை விரும்பிக் கேட்பவர்களே. மற்றது, மெதுநடையை மேலும் மெதுவாக்கி அழகைக் காட்சிக்கு வைப்பது. மார்செல்லஸ் இரண்டையும் செய்யவில்லை. அதிர்வு இல்லை, ஒலி நேர்க்கோடாகச் செல்கிறது. ஆனால் அந்தக் கோடு உயிரற்றதன்று. ஒவ்வொரு சுரமும் அடுத்ததை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கிறது. எந்தச் சுரமும் தன்னிலேயே நின்று தன்னைப் பார்த்துக்கொள்வதில்லை. தொடர் முடியும் இடத்தில் ஒலி நிறுத்தப்படுவதுமில்லை, அறுக்கப்படுவதுமில்லை. காற்று எப்போது தீர்ந்தது, மௌனம் எப்போது தொடங்கியது என்று சொல்ல இயலாதபடி மெலிகிறது. உடனே குழு முழுதும் அதே பாட்டை எடுத்துக்கொள்கையில், ஒரு தனியாள் பாடியதைச் சபை ஏற்றுப் பாடுவதுபோல் இருக்கிறது. தனியாள் தொடங்கும்போதே சபையை மனத்தில் வைத்துப் பாடியிருக்கிறார் என்பது அப்போதுதான் நமக்குப் புலப்படுகிறது. பின்வரிசை வாழ்வு மேடையின் முன்னே வந்து நிற்கும்போது இப்படித்தான் ஒலிக்கும்.

இதை வைத்து, "தன்னை மறைத்து மோட்சார்ட்டை மட்டும் காட்டியவர்" என்று பாராட்டுவோர் உண்டு. அப்பாராட்டில் நமக்கு நிறைவில்லை. யாரும் யாராகவும் இல்லாமல் வாசிக்க முடியாது. மார்செல்லஸின் ஒலியைக் கேட்டுப் பழகியவர் நான்கே சுரங்களில் அவரை இனங்கண்டுகொள்வர். வட்டமான, இருண்ட, நடுவில் ஒளியுள்ள ஒலி அது. தம் தனித்தன்மையைத் தேடி அலைந்த பலருடைய ஒலி இன்று ஒன்றுபோல் தோன்ற, தேடாத இவருடையது தனித்து நிற்கிறது. 1956இல் இதே கான்செர்ட்டோவைப் பதிவு செய்த பென்னி குட்மனின் பெயர் ஜாஸ் உலகின் மன்னர் என்பதால் ஆயிரம் மடங்கு அறியப்பட்டது. கிளாரினெட் மாணவர் கையில் ஒரே ஒரு மோட்சார்ட் பதிவைக் கொடுக்கவேண்டுமென்றால், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் பல ஆசிரியர்கள் எடுத்துக் கொடுப்பது கிளீவ்லாந்துப் பதிவையே.

பிறகு நோய் வந்தது. நீரிழிவு அவருடைய கண்களைப் படிப்படியாகப் பறித்துக்கொண்டது. இசைக்குழுக் கலைஞருக்குக் கண் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏட்டில் உள்ள புள்ளிகள் மட்டுமல்ல. இயக்குநரின் கோல்நுனி, பக்கத்திலிருப்பவரின் தோள் உயர்ந்து மூச்செடுக்கும் கணம், இவையெல்லாம் கண் வழியாகவே வருகின்றன. 1973இல், நாற்பத்தைந்தாம் வயதில், ஓர் இசைக்கலைஞன் கனிந்து நிற்கவேண்டிய பருவத்தில், அவர் கிளீவ்லாந்து இருக்கையிலிருந்து எழுந்தார்.

1974 முதல் 1994 வரை சிகாகோவுக்கு அருகிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிளாரினெட் பேராசிரியர். இதைச் சிலர் ஆறுதல் பரிசு போல் எழுதுவது நமக்கு ஒவ்வாது. கிளீவ்லாந்து இசைக்கல்லூரியில் அவர் ஏற்கெனவே ஆண்டுக்கணக்காகக் கற்பித்து வந்தவர். கற்பித்தல் அவருக்குப் புதிய தொழிலன்று. ஆனால் பார்வையற்ற கற்பித்தல் புதியது. மாணவனின் உதடு எப்படி அமர்ந்திருக்கிறது, விரல் எவ்வளவு உயரம் எழுகிறது என்று பார்த்துத் திருத்துவதே இக்கலையில் பொதுவழக்கு. அது இனி இல்லை. இங்கேதான் போனாடின் பழைய பாடம் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. விரல் அடித்து இறங்கினால் சாவியின் ஓசை கேட்கும். தாவி எழுந்தால் இரண்டு சுரங்களுக்கிடையே ஒரு மேடு கேட்கும். மௌனத்தில் ஆயத்தமாகாத விரலை அடுத்த சுரத்தின் தொடக்கமே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்கென்று சொல்லப்பட்டதாக நாம் நினைத்த பாடம் முழுவதும் செவிக்கு உரியதாகவே இருந்திருக்கிறது.

கோடைகாலங்களில் அவர் நடத்திய பயிற்சி வகுப்புகள் ஒலிநாடாவில் பதிவாகி இன்றும் பேணப்படுகின்றன. அவர் வலியுறுத்தியது, இசைக்குழுப் பகுதிகளைக் குழுவின் நினைவோடு வாசிப்பதை. பீத்தோவனின் ஆறாம் சிம்பொனியில் கிளாரினெட்டுக்கு வரும் சில அடிகளையோ, பிராம்ஸின் மூன்றாம் சிம்பொனியில் இரண்டாம் பகுதியைத் தொடங்கிவைக்கும் அந்த எளிய பாட்டையோ, வேலைத்தேர்வுக்கு வரும் இளைஞன் அறையில் தனியே நின்று வாசிக்கவேண்டும். சுற்றிலும் குழு இல்லை. ஆயினும் பிராம்ஸில் தன்னோடு பசூன்கள் வருகின்றன, இடையிடையே தாழ்ந்த வயலின் வகைகள் அடங்கிய குரலில் மறுமொழி சொல்கின்றன என்பதை அறிந்து வாசிப்பவனுக்கும் அறியாது வாசிப்பவனுக்கும் வேறுபாடு உண்டு. இல்லாத குழுவைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். குழுவை இனிமேல் காணவே முடியாத ஆசிரியர் அதைக் கற்பித்தார்.

இந்த ஆசிரியப் பணியின் விளைவையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அவர் மாணவர்கள் அமெரிக்க இசைக்குழுக்கள் பலவற்றில் இடம்பெற்றனர். அவர்களுடைய மாணவர்களும் பெற்றனர். இக்காலத்தில் தேர்வுகள் திரைக்குப் பின்னால் நடப்பது வழக்கமாயிற்று. முகம் பார்த்து வேலை கொடுக்கும் அநீதியை அது குறைத்தது. ஆனால் எவரையும் உறுத்தாத, பிழையற்ற, ஒரே அச்சான ஒலிக்குப் பரிசளிக்கும் போக்கையும் வளர்த்தது. மார்செல்லஸின் ஒலி அந்த அச்சுக்கு வசதியான மாதிரியாகிவிட்டது. அவர் பயன்படுத்திய காஸ்பர் ஊதுவாய்களைப் பெரும் விலைகொடுத்துத் தேடி வாங்குவோர் இன்றும் உண்டு. புனிதரின் வாழ்வைப் பின்பற்றுவதைவிட அவருடைய எலும்புத்துண்டைப் பெறுவது எளிதாயிருந்த காலங்களைத் திருச்சபை வரலாற்றில் படித்திருக்கும் நமக்கு இது வியப்பளிக்கவில்லை.

ஆனால் மார்செல்லஸே இந்தப் போக்குக்கு எதிரான சான்று. அவருடைய ஒலி போனாடின் ஒலி அன்று. போனாடின் பழைய பதிவுகளில் கேட்பது ஒல்லியான, பளிச்சென்ற பிரெஞ்சுக் குரல். மாணவருடையதோ அகன்று இருண்டது. விரலும் நாக்கும் இசைத்தொடரின் வளைவும் ஆசானிடமிருந்து வந்தவை, குரல் தமது. இறையியலில் மரபு என்பதற்கு வழங்கும் இலத்தீன் சொல்லுக்குக் கையளித்தல் என்று பொருள் என்பதை வாசகர் அறிவர். கையளிப்பவரின் கையையும் சேர்த்து யாரும் பெற்றுக்கொள்வதில்லை. ஆசானின் செவியைப் பெறாமல் அவர் ஊதுவாயை மட்டும் பெற விழைந்த மாணவர்களின் குறையை ஆசான்மேல் ஏற்றுவது முறையாகாது. எனினும் ஒன்று சொல்லவேண்டும்: இத்தனை வலுவான ஓர் ஒலியை முன்மாதிரியாகக் கொண்ட வகுப்பறையில் வேறு குரல் முளைப்பது கடினம். ஓர் ஆசிரியரின் பெருமையிலேயே இருக்கும் இந்த இடரை அவர் முழுதும் தவிர்த்தார் என்று நம்மால் கூற இயலவில்லை.

மார்செல்லஸ் 1996இல் மறைந்தார். மோட்சார்ட் பதிவை வாசகர் எளிதில் தேடிக் கேட்கலாம். ஆனால் அதற்குமுன் ஷூபர்ட் பதிவின் இரண்டாம் பகுதியைக் கேட்கும்படி பரிந்துரைப்போம். அதன் நடுவே வயலின்கள் தனியாகச் சில சுரங்களை ஏறியிறங்கி நிற்க, மற்றவை தட்டுத்தடுமாறும் நாடித்துடிப்பாகக் கீழே ஒலிக்க, கிளாரினெட் தனியே ஒரு நீண்ட பாட்டைத் தொடங்குகிறது. மார்செல்லஸ் அதை ஏறக்குறைய ஒன்றுமில்லாததிலிருந்து எடுத்து, உயர்த்தி, மெலியவிட்டு, ஓபோவிடம் ஒப்படைக்கிறார். ஓபோ அதைத் தன் நிறத்தில் தொடர்கிறது. சில நிமிடங்கள் கழித்து அதே பாட்டு திரும்பி வரும்போது ஷூபர்ட் வரிசையை மாற்றியிருக்கிறார்: இம்முறை ஓபோ தொடங்குகிறது, கிளாரினெட் காத்திருந்து வாங்கிக்கொள்கிறது. அந்தக் காத்திருப்பின்போது மார்செல்லஸ் எதையும் வாசிக்கவில்லை. அந்த அடிகளையும் சேர்த்துக் கேளுங்கள்.